சிமிழுக்குள் அடங்காத தோட்டா

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் முன்னால் வந்துவிடும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். வடகவுஞ்சியில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் போன ஆயுத பூஜையிலிருந்து தினமும் காலையில் காபித் தம்ளரைக் கையில் எடுக்கும்போது இரண்டு பெண்களுக்கு மனதார நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி என் மனைவி சண்முகவள்ளி. இன்னொருத்தி கொடைக்கானல் பஜாரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ரோஷன் பேகம். இரண்டு பேரையும் நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

என் பெயர் பொன்னுவேல். ஆறு ஏக்கர் காபி, ஊடே பட்டர் ஃபுரூட் மரங்கள், கீழ்ப்பக்கம் கொஞ்சம் பீன்ஸ். அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர், அப்பா பெயருக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. நடுவில் மடக்கித் திறக்கிற பழைய மாதிரி. ஆறு தோட்டா போடலாம். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் எனக்கு வந்தது. அந்தப் புத்தகத்தில் '.38 ரிவால்வர்' என்று எழுதியிருக்கும், வேறு விவரம் கிடையாது. ஒரு புள்ளியையும் இரண்டு எண்ணையும் நம்பி முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

அதை நான் சுட்டது மொத்தம் நாலைந்து தடவை இருக்கும். மற்றபடி தேர்தல் வந்தால் அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். தேர்தல் முடிந்தால் வீட்டுக்கு வரும். ஆயுத பூஜை அன்றைக்கு மண்வெட்டி, அரிவாள், கவாத்துக் கத்திரி, மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றோடும் வாழையிலையில் உட்கார்ந்து சந்தனப் பொட்டு வைத்துக்கொள்ளும்.

அதில்தான் எனக்கும் வள்ளிக்கும் வருஷா வருஷம் சண்டை. பூஜைக்கு முதல்நாள் வீட்டில் உள்ள இரும்பு, பித்தளை அத்தனையும் அவள் கைக்குப் போய்விடும். புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்ப்பாள். குத்துவிளக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் ரிவால்வருக்கும். என் கைக்கு வரும்போது கன்னங்கரேல் என்றிருந்த துப்பாக்கி இப்போது எவர்சில்வர் தம்ளர் நிறத்துக்கு வந்துவிட்டது. குழலின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக என்னென்னவோ குத்தியிருக்கும். அதெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது.

"ஏபுள்ள, அது வெளக்கு இல்ல, துப்பாக்கி. புளி போடாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"சாமி முன்னாடி வக்கிற சாமான் அழுக்கோட இருக்கலாமாங்க? பேசாமப் போயி வாழையெலை வெட்டிட்டு வாங்க."

இப்படித்தான் முடியும். துப்பாக்கியை இலையில் வைத்த பிறகு, ஆறு தோட்டாவை ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழுக்குள் நிற்க வைப்பாள். அவள் கல்யாணச் சீரில் வந்த சிமிழ். ஆறும் வட்டமாக அதில் நிற்கும், மூடியை அழுத்தினால் டக்கென்று மூடிக்கொள்ளும். பூஜை முடிந்ததும் சிமிழ் அப்படியே பீரோவுக்குள் போய்விடும். தோட்டா வைக்கிற இடமா அது என்று அதற்கும் நான் கத்தியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், புவனா. பழனியில் பல் டாக்டர். போன வருஷம் ஒருநாள், "அப்பா, இனிமே லைசென்ஸை என் பேருக்கு மாத்திக்கலாம். நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டே கண்ணாடியத் தேடுறீங்க" என்றாள். சொன்னதோடு நிற்காமல் திண்டுக்கல் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்சிக்கும் போனாள். நானும் கூட வந்தால் எங்கள் துப்பாக்கியிலேயே ஆறு குண்டு சுட்டுப் பார்க்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். விஜயதசமி காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் நாள் குறித்தேன். புது வித்தை தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா? முதல் குண்டை அவள்தான் சுட வேண்டும் என்று எனக்கு ஆசை. சிமிழில் இருந்த ஆறும் பழசு, மூட்டில் பச்சை பூத்துவிட்டன. புதுசு வாங்க வேண்டும்.

அதற்காகச் சித்திரை மாதமே ரோஷன் பேகத்தின் கடைக்குப் போனேன். ரெயின் கோட்டு, டார்ச், தூண்டில், ஏர்கன், உள்ளே பூட்டிய அலமாரியில் தோட்டா என்று எல்லாம் வைத்திருப்பாள். அவளுடைய வாப்பா காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். தேர்தல் நேரமானதால் துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தை நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"துப்பாக்கியக் கொண்டாங்கண்ணே. பாக்காம தோட்டா தர மாட்டேன்."

"அது ஸ்டேஷன்ல கெடக்கு. புக்குல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்குல்ல? ஒன் அலமாரியில முப்பத்தெட்டு இருக்குல்ல? எடுத்துக் குடு."

"முப்பத்தெட்டுங்கறது ஊர்ப்பேரு மாதிரிண்ணே. கொடைக்கானல்னு மட்டும் எழுதி லெட்டர் போட்டா எந்த வீட்டுக்குப் போகும்? ஒங்க துப்பாக்கி எந்த வீடுன்னு நான் பாக்கணும்."

"வந்தவனத் திருப்பி அனுப்பத்தான் கடை வச்சிருக்கியா?"

"பாத்துக் குடுக்கத்தாண்ணே வச்சிருக்கேன்."

கடையில் டூரிஸ்ட் ஆட்கள் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் என்னமோ கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவனை நடத்துவதுபோல நடத்திவிட்டாள் என்று எனக்குச் சுருக்கென்றது. உன் வாப்பா இருந்திருந்தால் இப்படிப் பேசுவாரா என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் வேறு சோலியாக மதுரைக்குப் போனபோது அங்கே ஒரு கடையில் ஏறினேன். கவுண்டரில் இருந்தவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்பெஷல்தானே சார்?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்கூட ஸ்பெஷல் டீ கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள் நான். என் மகள் சுடப்போகிற தோட்டா சாதாவாக இருக்கலாமா? "ஸ்பெஷலே போடுங்க" என்றேன். பத்துத் தோட்டா கொடுத்தார். ரோஷனை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. ஊர் வந்து சேரும்வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் இலையில் பரப்பினோம். துப்பாக்கிக்குப் பக்கத்தில் புவனாவின் பல் பிடுங்குகிற குறடும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தீபாராதனை முடிந்து பொரி, கடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. நான் பழைய தோட்டாக்களைச் சிமிழிலிருந்து தட்டில் கொட்டிவிட்டு, புது ஆறை வள்ளியிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாக உள்ளே நிறுத்தினாள். மூடியை வைத்து அழுத்தினாள். மூடவில்லை.

"என்னங்க, இது நெட்டையா இருக்கு."

"மழைக்குச் சிமிழ் கோணியிருக்கும்."

"பித்தளை மழைக்குக் கோணுமாங்க? முப்பது வருசமா மூடுன மூடி இது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளைக்கு நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு இவள் சிமிழுக்குப் பஞ்சாயத்துப் பண்ணுகிறாள். துப்பாக்கியை எடுத்து மடக்கித் திறந்தேன். புதுத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஆறும் அடிவரைக்கும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. மூடிக் காட்டினேன்.

"பாரு. துப்பாக்கிக்கே எடம் இருக்கு. ஒன் சிமிழுக்குத்தான் எடம் இல்ல. அதத் தூக்கிக் குப்பையில போடு."

வள்ளி கோபப்படவில்லை. தட்டில் கிடந்த பழைய தோட்டாவை எடுத்து, பெட்டியில் மிச்சமிருந்த புதுசுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். புதுசு ஒரு நகம் உயரம் கூடவே நின்றது.

"இத்தன வருசம் இந்தக் குட்டைதான் அதுக்குச் சரியா இருந்துச்சு. இப்ப நெட்டைக்கும் எடம் இருக்குன்னா, துப்பாக்கி எப்பங்க வளந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாவிட்டால் குரலை உயர்த்துவது என் வழக்கம், அதைச் செய்தேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் இரண்டு தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து செல்போனில் படம் எடுத்து ரோஷனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். இரண்டு பேருக்கும் பட்டர் ஃபுரூட் கொடுத்து வாங்கியதில் ஆரம்பித்த சிநேகம். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. புவனா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அந்த நீளத் தோட்டா இப்ப எங்க இருக்கு?"

"துப்பாக்கிக்குள்ள," என்றாள் வள்ளி.

"மொதல்ல வெளிய எடுக்கச் சொல்லுங்க. குழல யாரு பக்கமும் காட்டாம. பாப்பா, நீ எண்ணு."

நான் வேண்டா வெறுப்பாகத் துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மடக்கினேன். தோட்டாக்கள் தட்டில் விழுந்தன. புவனா ஆறு வரைக்கும் எண்ணினாள். நான் போனைப் பிடுங்கினேன்.

"ஏம்மா ரோஷன், ஒண்ணும் தெரியாமப் பேசாத. அது அளவா உள்ள போகுது. நெருடக்கூட இல்ல."

"அதுதாண்ணே எனக்குப் பயமா இருக்கு. ஒங்க துப்பாக்கி இந்தக் குட்டைத் தோட்டாவுக்குச் செஞ்சது. நெட்டை அதுக்குள்ள போகவே கூடாது. பாதியில இடிச்சு நிக்கணும். நாளைக்கு கிளப்புக்குப் போகாதீங்க. வெள்ளனே கடைக்கு வாங்க, நான் தொறந்து வைக்கிறேன்."

மறுநாள் விஜயதசமி. ஜீப்பை புவனா ஓட்டினாள். ஏறும் வழியெல்லாம் நான் முனகிக்கொண்டே வந்தேன். நல்ல நாள் வீணாகிறது, ஒரு சிமிழை வைத்து இந்தப் பெண்கள் என்னைக் கிறுக்கனாக்குகிறார்கள் என்று ஏதேதோ சொன்னேன். புவனா பாட்டை வைத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.

ரோஷன் மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். சித்திரையில் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. துப்பாக்கியை வாங்கித் திறந்து, காலி என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு வெர்னியர் அளவுகோலால் பழைய தோட்டாவையும் புதுசையும் அளந்தாள்.

"பித்தளைக் கூடு மட்டும் பாருங்க. பழசு முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. புதுசு ஒரு அங்குலத்தத் தாண்டிப் போகுது. ஆனா உடம்பு, பழசு குண்டு, புதுசு ரெண்டு முடி கனம் ஒல்லி."

"ரெண்டும் முப்பத்தெட்டுதானே?"

"பேருதாண்ணே முப்பத்தெட்டு. இந்தக் குட்டைய அமெரிக்காக்காரன் தேர்ட்டி எய்ட் எஸ் அண்ட் டபிள்யூன்னான். வெள்ளக்காரப் பட்டாளம் இதையே த்ரீ எய்ட்டின்னு எழுதுச்சு. அதுக்கு முன்னாடி இன்னொரு பேரு. மூணும் ஒண்ணுதான். இந்த நெட்டை தேர்ட்டி எய்ட் ஸ்பெஷல். பேருல ஒட்டிக்கிட்டு இருக்கே ஒழிய, இது வேற குடும்பம். பிஸ்டலுக்குப் போடற த்ரீ எய்ட்டின்னு ஒண்ணு இருக்கு, அது மூணாவது குடும்பம். ஒரு தோட்டாவுக்கு மூணு பேரு, ஒரு பேருக்கு மூணு தோட்டா. இதுல ஒண்ணும் அளந்து பாத்தா சரியா முப்பத்தெட்டும் இல்ல. இந்தக் கொழப்பத்துக்குத்தான் நான் துப்பாக்கியப் பாக்காமக் குடுக்கறதில்ல."

"அப்ப எப்படி இது உள்ள போச்சு?"

அவள் தோட்டா போடும் துளைக்குள் டார்ச்சை அடித்து, என்னையும் புவனாவையும் பார்க்கச் சொன்னாள். குட்டைத் தோட்டாவின் கூடு முடிகிற இடத்தில் துளை குறுகி ஒரு படி இருக்க வேண்டுமாம். ஆறு துளையிலும் அந்தப் படியைக் காணோம். கடைசிவரைக்கும் யாரோ குடைந்து நீட்டியிருந்தார்கள்.

"குட்டைத் தோட்டா கெடைக்காத காலத்துல, நெட்டையப் போட்டுச் சுடலாம்னு யாரோ கடைசல் புடிக்கறவன் கிட்டக் குடுத்து நீட்டிட்டாங்க. பின்பக்கம் அகலம், முன்பக்கம் ஒல்லி. நெட்டையச் சுட்டா, லூசா நிக்கிற கூடு ஊதிக் கிழியும். வேகமும் இதுல அதிகம். துப்பாக்கியப் பூட்டி வைக்கிற இந்த மேல் கொண்டி அந்த அடியத் தாங்கச் செஞ்சது இல்ல."

அப்படி நீட்டியது துரையா, அப்பாவா, நடுவில் வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. ரோஷன் இழுப்பறையிலிருந்து ஒரு காலித் தோட்டாக் கூட்டை எடுத்துத் துணியில் வைத்தாள். நெடுக்குவாட்டில் கிழிந்து, வெடித்த பீன்ஸ்போல வாயைப் பிளந்திருந்தது.

"வாப்பா இருக்கும்போது ஒருத்தர் கொண்டு வந்தது. இதே தப்பு. ஆறு குண்டுல அஞ்சு நல்லாத்தான் போச்சாம். இந்தக் கூடு கெடச்சுது. விரல் ரெண்டு கெடைக்கல."

புவனா தன் வலது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையை நம்பித்தான் பழனியில் பாதிப்பேர் வாயைத் திறக்கிறார்கள். அந்தக் கையில்தான் இன்றைக்குப் பத்து மணிக்கு, முதல் குண்டை நீயே சுடும்மா என்று சொல்லி, நானே பெருமையாக எடுத்துக் கொடுத்திருப்பேன். நான் ஆசையாக வாங்கிய ஸ்பெஷல். எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. கொடைக்கானல் குளிரில் காலை ஒன்பது மணிக்கு வேர்த்தது.

ரோஷன் பூதக்கண்ணாடியால் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நம்பர் இருந்திருக்குண்ணே. பட்டாளத்துலேர்ந்து வெளிய விக்கறப்ப, சோதிச்சுட்டுக் கூட்டோட நீளத்தையே அங்குலக் கணக்குல குத்துவாங்க. புள்ளி ஏழு ஆறு ஏழு. பாருங்க, கடைசி ஏழு மட்டும் நெழலு மாதிரித் தெரியுது. மிச்சத்த யாரோ நல்லாத் தேச்சு எடுத்துட்டாங்க."

"புளி," என்றாள் புவனா மெதுவாக.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முப்பது வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி உள்ளுக்குள் துள்ளியது. ரோஷன் என் முகத்தைப் பார்த்தாள்.

"நம்பர் இருந்திருந்தா மட்டும் படிச்சிருப்பீங்களாண்ணே?"

படித்திருக்க மாட்டேன். துப்பாக்கி என் கைக்கு வந்தபோது அந்த எண் பளிச்சென்று இருந்தது. அது துப்பாக்கியின் சீரியல் நம்பரில் ஒரு துண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணைத் தேய்த்து அழித்தவள் வள்ளி. அதே நீளத்தை முப்பது வருஷம் ஒரு சிமிழுக்குள் பத்திரமாக வைத்திருந்தவளும் வள்ளிதான். துப்பாக்கிகூட என்னிடம் பொய் சொல்லிற்று. சிமிழ் சொல்லவில்லை.

"ரோஷன், அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. ஒன் வாப்பாவ இழுத்ததும் தப்பு. நீ குடுக்க மாட்டேன்னு சொன்னியே, அதுக்கு நான் கால்ல விழணும்."

"நான் குடுக்கலேன்னா என்ன, நீங்கதான் மதுரையில போயி வாங்கிட்டீங்களே," என்று சிரித்தாள். "எனக்கு வேண்டாண்ணே. மூடி மூடலன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க, அவங்களுக்குச் சொல்லுங்க. அளவுக்கட்டைன்னு நாங்க காசு குடுத்து வாங்கறதும் அந்த வேலையத்தான் செய்யுது."

துப்பாக்கியையும் பழையது புதியது எல்லாத் தோட்டாவையும் அவளிடமே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அதை இனிமேல் சுடுவதற்கில்லை. வரும் வழியில் பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியபோது புவனாவிடம் சொன்னேன்.

"அந்த ஏழு ஆறு ஏழு விஷயம் அம்மாவுக்கு வேண்டாம்மா."

"நீங்களா சொல்றீங்க?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டீயை நான் சாதாவாகத்தான் வாங்கினேன். அதையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்குப் போனபோது வள்ளி பூஜை இலைகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். புவனா நடந்ததையெல்லாம் சொன்னாள், அந்த எண்ணைத் தவிர. கிழிந்த கூட்டைப் பற்றிச் சொன்னபோது வள்ளி வேலையை நிறுத்திவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தொண்டையைச் செருமினேன். இதை நான் வாழ்நாளில் சொன்னதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"வள்ளி, ஒனக்கு ரொம்ப நன்றி."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மைக்கு எங்க இருக்கு?"

"வெளையாடாத. நான் நெசமாச் சொல்றேன். நீ இல்லேன்னா இன்னைக்கு இந்தப் புள்ளையோட கை…"

கண் நிறைந்துவிட்டது. வள்ளியும் கிண்டலை விட்டுவிட்டாள். பக்கத்தில் வந்து என் தோள் துண்டை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.

"சிமிழக் குப்பையில போடச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"போடல."

"தெரியும்," என்றேன்.

அன்றைக்கு மத்தியானமே அந்தச் சிமிழைப் புளி போட்டுத் தேய்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். துடைத்துக் காயவைத்து, கல்யாணமான புதிதில் இருந்ததுபோல அதில் குங்குமத்தை நிரப்பிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையில் புவனா பழனிக்குக் கிளம்பினாள். ஒன்பது மணிக்கு யாருக்கோ கடைவாய்ப்பல் எடுக்க வேண்டுமாம், வெரசாப் போகணும் என்று பறந்தாள். செருப்பு மாட்டப் போனவள் திரும்பி வந்து சிமிழைத் திறந்தாள். மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அதே கையால் மூடியை அழுத்தினாள். டக்கென்று மூடிக்கொண்டது.